கமாண்டோ பணி முடிந்து குமரிக்குத் திரும்புகிறவருக்கு எந்த வேலை பொருந்தும்?

தரைப்படையின் பாரா எஸ்.எஃப்., கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் ஆகிய சிறப்புப் படைகளில் ஒன்றில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வருகிறவர் முன்னால் குமரி மாவட்டத்தில் வழக்கமாகச் சில பாதைகள் இருக்கின்றன. வங்கியிலோ மத்திய அரசிலோ ஒதுக்கீட்டு வேலை, செக்யூரிட்டி, ராணுவ இடங்களுக்குக் காவல் நிற்கும் டி.எஸ்.சி. படையில் மறுபடியும் சீருடை, போலீஸ், வளைகுடா, கப்பல், சொந்தத் தொழில். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சம்பளத்தை வைத்து இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன். மார்த்தாண்டம் பக்கம் படையிலிருந்து வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் பென்ஷன் கடிதம் எழுதிக் கொடுப்பதும் எனக்குப் பழகிப்போன வேலை. பார்த்த வரையில் சொல்கிறேன்: கமாண்டோவாக இருந்தவருக்கு வேலை தேடும்போது முதலில் இரண்டைக் கேட்க வேண்டும். அந்த வேலையில் ராத்திரி தூங்க முடியுமா? கூட நாலு பேர் இருப்பார்களா? சம்பளம் அதற்குப் பிறகுதான்.

சாதாரண ரெஜிமெண்டிலிருந்து வருகிறவரையும் சிறப்புப் படையிலிருந்து வருகிறவரையும் ஒரே மாதிரி நினைப்பதால்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. இவர்களுடைய வேலையில் பாதி இருட்டில் நடப்பது. ராத்திரி நடை, ராத்திரி ஜம்ப், பகலில் பதுங்கிக் கிடப்பது என்று பத்துப் பதினைந்து வருஷம் போனபின் உடம்பு ராத்திரியை விழித்திருக்க வேண்டிய நேரமாகவே எடுத்துக்கொள்கிறது. பாராசூட்டில் குதித்துக் குதித்து முழங்காலும் இடுப்பும் போயிருக்கும். வெடிச்சத்தத்தில் ஒரு காது மந்தமாகியிருக்கும். அமெரிக்காவில் சிறப்புப் படையினருக்குச் சிகிச்சை பார்த்தவர்கள் 2020இல் இதற்கெல்லாம் சேர்த்து ‘ஆபரேட்டர் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்து எழுதினார்கள். வெடி அதிர்வால் மூளைக்கு வரும் காயம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மூட்டு வலி, ஹார்மோன் குறைவு, எரிச்சல், குடி எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடாது என்பது அவர்கள் சொன்னது.

திருவட்டாறு பக்கம் ஒரு முன்னாள் கமாண்டோவின் வீட்டுக்குப் பென்ஷன் விஷயமாகப் போயிருந்தபோது அவருடைய மனைவி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “அண்ணே, மூணு மணிக்கு எழும்பி கேட்டைப் பூட்டியிருக்கான்னு பாக்காரு. பொறவு படுக்கவே மாட்டாரு. மொட்டை மாடியில நடந்துட்டே இருப்பாரு.” அம்மன் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வெடி போடுகிற நாள்களில் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறை பக்கம் போய்விடுவாராம். ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதையே, எனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவர் யாரிடமும் சொல்ல முடியாதபடி செய்திருந்தது.

பணக்கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஜவான்களுக்கு 15 வருஷப் பணி முடிந்தால் பென்ஷன் உண்டு. அது அடிப்படைச் சம்பளம், மிலிட்டரி சர்வீஸ் பே போன்றவற்றைச் சேர்த்த தொகையில் பாதி. சிறப்புப் படைக்கென்று மாதாமாதம் வந்த அலவன்ஸ் இந்தக் கணக்கில் வராது. ரேஷனும் குவார்ட்டர்ஸும் போய்விடும். அதனால் கையில் வருவது பழைய வருமானத்தில் பாதிக்கும் நன்றாகவே கீழே இறங்கும். மற்ற ரெஜிமெண்ட்காரரைவிட இவருக்கு விழுகிற பள்ளம் பெரியது. பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கலாம், ஆனால் அந்தப் பங்கு திரும்ப வர 15 வருஷம் ஆகும். நம்ம ஊரில் அந்தப் பணம் நேரே மாடி வீட்டுக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் போகிறது. முதல் வருஷமே முழுக்கையும் வீட்டில் போட்டுவிட்டவர், அடுத்து எந்த வேலை கிடைத்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

செக்யூரிட்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஊருக்கு வந்த வாரத்திலேயே கதவைத் தட்டுவது அதுதான். ஒரு வங்கி வாசலில் நான் பார்த்த மனிதர் பாரா எஸ்.எஃப்.பில் ஸ்குவாடை நடத்தியவர். இரும்புச் சங்கிலி போட்ட வாசல், பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி. வருகிற ஒவ்வொருவருடைய கையையும் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க உடம்பு அசையாமல் மனசு மட்டும் உஷாராக இருக்கிற வேலை அது. ஏற்கெனவே உஷாரை அணைக்க முடியாமல் தவிக்கிறவருக்கு இதைவிடப் பொருந்தாத வேலையை என்னால் யோசிக்க முடியவில்லை. அடுக்குமாடியிலோ கல்லூரியிலோ தனியாக நைட் டியூட்டி என்றால் இன்னும் மோசம்.

அதற்காக எல்லா செக்யூரிட்டி வேலையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். டெல்லியிலுள்ள மறுவாழ்வு இயக்ககம், அதாவது டி.ஜி.ஆர்., வழியாகப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளில் சம்பளமும் பி.எஃப்.பும் ஒழுங்காக இருக்கும். தமிழக அரசின் டெக்ஸ்கோ 1986 முதல் முன்னாள் படைவீரர்களை அரசு நிறுவனங்களுக்கு அனுப்பிவருகிறது. சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டில் ஒன்றில், பகல் ஷிஃப்டில், நாலைந்து பேருக்கு மேல் சூப்பர்வைசராகச் சேருங்கள். தனியார் ஏஜென்சி என்றால் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டி.எஸ்.சி. பற்றிப் பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். கண்ணூரில் சென்டர். மறுபடியும் சீருடை, மறுபடியும் ஆட்கள், 15 வருஷம் ஓட்டினால் இரண்டாவது பென்ஷன். கூட ஆள் இருப்பார்களா என்ற கேள்விக்கு அங்கே நல்ல பதில் உண்டு. ஆனால் வேலை காவல்தான், ராத்திரி சென்ட்ரியும் உண்டு, போஸ்டிங் நாட்டின் எந்த மூலையிலும் விழும். பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற நேரத்தில் அப்பா மறுபடி லீவுக்கு மட்டும் வருகிற மனிதராகிவிடுவார். பிள்ளைகள் சின்னதாக இருந்து, மனைவியும் சம்மதித்து, ஊரில் இருப்பதே மூச்சு முட்டுகிறது என்கிறவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

வங்கி, மத்திய அரசு, பொதுத்துறை வேலைகளைத்தான் பெரும்பாலானோர் நம்மால் முடியாது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். மத்திய அரசின் கிளார்க் போன்ற சி பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம், வங்கிகளிலும் பொதுத்துறையிலும் அதே பிரிவில் 14.5 சதவீதம் இடம் உண்டு. இந்த 14.5இல் 4.5 ஊனமுற்ற வீரர்களுக்கும் பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும். வயதில், பணியாற்றிய வருஷங்களைக் கழித்து மேலும் 3 வருஷம் சலுகை. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருஷம் படையில் இருந்தவர், பட்டம் கேட்கிற சி பிரிவு வேலைகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆள் கிடைக்காமல் இந்த இடங்கள் காலியாகப் போவதும் உண்டு. மாவட்டம் முழுக்க வங்கிக் கிளைகள் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் மணல் தாது நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் ஆலை இருக்கிறது. பகல் வேலை, ராத்திரி வீடு, கூட வேலை செய்கிறவர்கள், ஞாயிறு லீவு.

படிப்புதான் தடை. இருபது வருஷம் கழித்து கணக்கும் ஆங்கிலமும் படிக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஒதுக்கலாம். அந்த நாள்களில் காலையில் ஓட்டம், பகலில் கோச்சிங், சாயங்காலம் வீடு என்று ஒரு ஒழுங்கு வருமே, அதுவே பாதி மருந்து. நான் பார்த்தவர்களில் வெளிவந்த முதல் வருஷத்தை இப்படிக் கழித்தவர்கள் தேறிவிட்டார்கள், தேர்வில் தோற்றவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்தச் சலுகை அநேகமாக முடிந்துபோகும். சேருவதற்கு முன்பே வேறு எவற்றுக்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதைச் சேருகிற அன்றே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த விண்ணப்பங்களுக்கு உரிமை நிற்கும். கிடைத்த கடைநிலை வேலையில் அவசரமாகச் சேர்ந்து, பிறகு கிளார்க் பட்டியலில் பெயர் வந்தும் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவீதம் உண்டு. இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு மறுபடி பரேடு, பிறகு பந்தோபஸ்து, ராத்திரி ரோந்து என்று நாற்பதை ஒட்டிய முழங்கால் தாங்குமா என்று பாருங்கள். மார்கோஸ்காரர்கள் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைக் கவனிக்கலாம். கடற்படையிலிருந்தும் கடலோரக் காவல்படையிலிருந்தும் வந்தவர்களை அங்கே படகு வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குள் இருந்த நம் ஆட்களைத் தேடிப்போக, கடலை அறிந்தவர்கள் எத்தனை பேர் வேண்டியிருந்தார்கள் என்பது தூத்தூர், சின்னத்துறை மக்களுக்கு மறக்காது. முட்டத்திலும் சொத்தவிளையிலும் திற்பரப்பிலும் அலைக்கும் தண்ணீருக்கும் ஆட்களை இழக்கிற மாவட்டம் இது. மீட்புப் பயிற்சி கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்றால் அவரைத் தேடிப்போக வேண்டியது நாம்.

கப்பல் பாதுகாப்புக்கு வருகிறேன். கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து சரக்குக் கப்பலைக் காக்க ஆயுதத்தோடு போகிற இந்த வேலையில் காசு அதிகம், பழகிய வேலை, கூட நாலு பேரும் பழைய படைவீரர்களாகவே இருப்பார்கள். அதனால் இது கமாண்டோக்களை வெகுவாக இழுக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்ட் ஒஹையோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த 35 பேரில் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களும் இந்தியர்களும் உண்டு. நிறுவனத்தின் காகிதங்கள் சரியாக இருக்கும் என்று நம்பி ஏறியவர்கள். உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு, 2016 ஜனவரியில் ஆளுக்கு 5 வருஷத் தண்டனை. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விடுவித்தது. குற்றமில்லை என்ற தீர்ப்புக்கு நாலு வருஷம் ஆனது, அந்த நாலு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்? இதற்கெல்லாம் முன்பே, 2012 பிப்ரவரியில், ‘என்ரிகா லெக்ஸி’ கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலிய வீரர்கள் சுட்டதில் இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். கப்பலில் துப்பாக்கியோடு நிற்கிறவர் ஒரு கணத்தில் எடுக்கும் முடிவு எங்கே போய் நிற்கும் என்று இந்தக் கடற்கரைக்குத் தெரியும். தூக்கம் கெட்ட மனிதரை அந்தக் கணத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, எதிரே வருகிற படகுக்கும் ஆபத்து.

வளைகுடாவுக்குப் போவதை நம் மாவட்டத்தில் யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. கார்டாகப் போவதற்கும் சேஃப்டி ஆஃபீசராகப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். கார்டு வேலை 12 மணி நேரம், வெயில், லேபர் கேம்ப். துபாய் என்றால் அங்கே செக்யூரிட்டி வேலைக்கான ‘சிரா’ லைசென்ஸும் எடுக்க வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஃபயர் அண்டு சேஃப்டி கோர்ஸ் படித்த பையன்கள் எத்தனையோ பேர் போகிறார்கள். அதே கோர்ஸோடு, வெடிபொருள் கையாண்ட அனுபவமும் முதலுதவிப் பயிற்சியும் ஒரு குழுவை நடத்திய பழக்கமும் உள்ள மனிதர் போனால் அவருடைய இடமே வேறு. உலக அளவில் ஏற்கப்படும் நெபோஷ் என்ற சேஃப்டி சான்றிதழ் எடுத்தால் இன்னும் நல்லது. வளைகுடாவுக்குப் போகாமலே விழிஞ்ஞம் துறைமுகத்தில் முயற்சி செய்யலாம். 2024 டிசம்பரில் வர்த்தக இயக்கம் தொடங்கிய அந்தத் துறைமுகம் களியக்காவிளைக்காரருக்குப் பக்கம்தான். கூடங்குளத்து ஒப்பந்ததாரர்களுக்கும் சேஃப்டி ஆட்கள் வேண்டும். இந்த சேஃப்டி வழியைத்தான், புத்தகத்தோடு உட்கார முடியாத ஆட்களுக்கு முதலில் சொல்கிறேன். களத்தில் நிற்கிற வேலை, ஆட்களோடு நிற்கிற வேலை, அடிபடாமல் காப்பாற்றுகிற வேலை. வெளிநாடு என்றால் ஏஜெண்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள், அவர் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000மும் ஜி.எஸ்.டி.யும்தான்.

இந்த வேலைகளுக்கெல்லாம் பயோடேட்டா எழுதும்போது ஒரு சிக்கல் வரும். எங்கே போனோம், என்ன செய்தோம் என்று அவர்களால் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதனால் பதினெட்டு வருஷம் ஒரே வரியில் முடிந்துபோகும். ஆபரேஷனை விட்டுவிட்டுத் திறமையை எழுதுங்கள். குழுவில் அவர் மருத்துவ உதவியாளரா, தொலைத்தொடர்பா, வெடிபொருளா, முக்குளிப்பா? எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்? எந்தக் கருவிகள் தெரியும்? முக்குளிப்புக்கும் முதலுதவிக்கும் சிவில் சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். சர்வீஸில் இருக்கும்போதே டி.ஜி.ஆர். கோர்ஸில் இதை எடுத்துவிடலாம், ஜவான்களுக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் ‘ஸ்கில்பிரிட்ஜ்’ என்ற ஏற்பாட்டில் கடைசி 180 நாள் வரை ராணுவச் சம்பளத்திலேயே ஒரு நிறுவனத்தில் போய் வேலை பழகலாம். சிறப்புப் படையினருக்கென்றே 2013இல் தொடங்கிய ‘ஹானர் ஃபவுண்டேஷன்’ மாதிரி அமைப்புகள் ஆளுக்கு ஒரு வழிகாட்டியை வைத்துச் சொல்லித் தருகின்றன. நம்மிடம் கோர்ஸ் இருக்கிறது, அந்த வழிகாட்டி இல்லை. முன்னால் வெளிவந்து நிலையான வேலையில் இருக்கிற ஒரு யூனிட்காரர், புதிதாக வருகிற ஒருவரை ஒரு வருஷம் பார்த்துக்கொண்டால் போதும்.

சொந்தத் தொழிலில் இப்போது பேசப்படுவது ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம். முன்னாள் படைவீரர்களுக்கு ரூ.1 கோடி வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். மானியத்தைப் பார்த்துத் தொழிலை முடிவு செய்யாதீர்கள். ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் அகாடமிதான் கமாண்டோக்களுக்குச் சட்டென்று தோன்றும். நல்ல யோசனைதான், காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நாற்பது பையன்கள் உஸ்தாத் என்று கூப்பிடும்போது அந்த மனிதர் நிற்கிற நிற்பே வேறாக இருக்கிறது. ஆனால் 2023 முதல் ராணுவத்துக்கு முதலில் ஆன்லைன் தேர்வு, அதில் தேறினால்தான் ஓட்டம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓட வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு கணக்கு வாத்தியாரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்பவரின் அகாடமிதான் நிற்கும்.

தேனீ வளர்ப்பு வேறு வகை. ரப்பர் புதுத்தளிர் விடுகிற ஜனவரி முதல் ஏப்ரல் வரை தேன், மற்ற மாதங்களில் பெட்டிகளைக் காப்பாற்றச் சர்க்கரைப் பாகு, நோய்ப் பயம். பதற்றமாகக் கையை ஆட்டினால் கொட்டும் என்பதால் நிதானம் தானாக வரும். மனசு அடங்க இது நல்லது. வருமானத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது, தோட்டத்தில் தனியாகவும் கிடக்க வேண்டியிருக்கும். பென்ஷனுக்குத் துணையாக, சங்கத்தில் சேர்ந்து செய்தால் சரி.

எந்தப் பாதையானாலும் அதற்கு முன்னால், படையை விட்டு வரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையான ரிலீஸ் மெடிக்கல் போர்டு வருகிறது. மெடிக்கல் கேட்டகிரி இறங்கினால் ஜம்ப் போகும், அலவன்ஸ் போகும், டீமே போகும் என்று பயந்து வலியை வருஷக்கணக்காக மறைத்தவர்கள் இவர்கள். போர்டிலும் அதே பழக்கத்தில் ‘ஃபிட்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பதிவில் இல்லாத காயத்துக்குப் பிறகு ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டுச் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் நின்றாலும் கையில் காகிதம் இருக்காது. முழங்கால், முதுகு, காது, தலையில் பட்ட அடி, தூக்கம் எல்லாவற்றையும் போர்டுக்கு முன்பே யூனிட் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் காட்டிப் பதிய வைக்க வேண்டும். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் தூக்கப் பரிசோதனை கேட்க வேண்டும்.

ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் நாகர்கோவில் பாலிகிளினிக்கில் அதே பரிசோதனைக்குப் பரிந்துரை கேட்கலாம். மனசு தாங்காத ராத்திரிகளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், மனைவியும் அழைக்கலாம். ராணுவக் கேன்டீனில் வாங்கும் மதுபானக் கோட்டா முழுவதும் வீட்டுக்குள் காலியாகிறது என்றால் வேலை தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு முதலில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வருஷம் ரிலீஸ் ஆகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது மெடிக்கல் போர்டு எந்தத் தேதி, டி.ஜி.ஆர். கோர்ஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.